ரயில் ஊரின் வரலாற்றுப் பலகையை எப்படிப் படிப்பது: ஹாம்லெட்டில் நான் கற்றுக்கொண்டவை

நார்த் கரோலைனா நெடுஞ்சாலைகளில் கார் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பலகை பழக்கமானதுதான். ஒற்றைக் கம்பம், அதன் மேல் வெள்ளி நிறத் தகடு, கறுப்பு எழுத்தில் ஐந்தாறு வரி. இங்கே எல்லோரும் மார்க்கர் என்பார்கள். மாநில அரசு 1935-ல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் மார்க்கரை 1936-ல் ஸ்டோவால் என்ற சிற்றூரில் நட்டார்கள். இன்று மாநிலம் முழுக்க 1,600-க்கு மேல் இருக்கின்றன. மாநிலத் தலைநகர் ராலேயை ஒட்டிய கேரி என்ற ஊரில் குடியேறிய பிறகு பல வருடங்கள் நானும் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

என்னை நின்று படிக்க வைத்த ஊர் ஹாம்லெட். கேரியிலிருந்து யு.எஸ். 1 சாலையில் தெற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆறாயிரம் பேர் வசிக்கும் ஊர். சீபோர்டு ஏர் லைன் என்ற ரயில் கம்பெனியின் இரண்டு பெரிய பாதைகள் அங்கேதான் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒன்று ராலேயிலிருந்து தெற்கே போவது. இன்னொன்று வில்மிங்டன் துறைமுகத்திலிருந்து மேற்கே ஷார்லட் பக்கம் போவது. ஏர் லைன் என்றதும் விமானம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் பாதை என்பதற்கு, விமானம் வரும் முன்பே அமெரிக்காவில் வழங்கிய சொல் அது. என் அப்பா ஜோலார்பேட்டையில் பாயின்ட்ஸ்மேனாக, அதாவது ரயிலைப் பாதை மாற்றிவிடுபவராக இருந்தவர். ஜங்ஷனில் வளர்ந்தவளுக்கு இன்னொரு ஜங்ஷனைக் கண்டால் இறங்கிப் பார்க்கத்தான் தோன்றும்.

நான் சொல்லப்போவது ஹாம்லெட்டை வைத்துத்தான். அமெரிக்கத் தெற்கில் எந்த ரயில் ஊருக்குப் போனாலும் இதே முறையில் பார்க்கலாம்.

கடைசி வரியை முதலில் படியுங்கள்

ஜான் கோல்ட்ரேன் பெயர் ஜாஸ் கேட்பவர்களுக்குத் தெரியும். சாக்ஸபோனில் அவரைப் போல இன்னொருவர் இல்லை என்று நான் நம்புகிறேன். ரவிசங்கர் மீது இருந்த மதிப்பில் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். 1926 செப்டம்பர் 23 அன்று ஹாம்லெட்டில் பிறந்தார். முதல் தடவை போனபோது அவர் பெயர் போட்ட மார்க்கரைத் தேடிப் பிடித்தேன், பக்கத்தில் நின்று படம் எடுத்தேன், அவர் பிறந்த மண்ணை மிதித்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, பிறந்த இடம் அங்கே இல்லை.

இந்த மாநிலத்தில் மார்க்கர்களை எண் போட்ட நெடுஞ்சாலை ஓரத்தில்தான் நடுவார்கள். சம்பவம் நடந்த இடம் உள்ளே எங்கோ ஒரு தெருவில் இருக்கும். எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பது பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். அதனால் மார்க்கர் முன்னால் நின்றதும் கடைசி வரியைப் பாருங்கள். போனில் திசைகாட்டியைத் திறந்து, அந்தப் பக்கம் நடக்கத் தொடங்குங்கள். காரில் போக வேண்டாம். நெடுஞ்சாலைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில்தான் ஊர் இருக்கிறது.

கோல்ட்ரேன் பிறந்தது ஹாம்லெட் அவென்யூவும் பிரிட்ஜஸ் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் இருந்த ஒரு வாடகை விடுதியில். சில மாதங்களிலேயே குடும்பம் ஹை பாயின்ட் நகருக்குப் போய்விட்டது. அந்த முனையில் நின்றால் ஒன்று விளங்கும். ரயில் வந்துபோகும் ஊரில் விடுதிகள் ஏன் இருந்தன, அவற்றில் யார் தங்கினார்கள், கறுப்பினக் குடும்பம் ஒன்று எந்தத் தெருவில் அறை எடுக்க முடிந்தது என்ற கேள்விகள் அங்கேதான் எழும். தகட்டில் அதற்கெல்லாம் இடமில்லை.

இன்னொரு சிறிய பயிற்சி. மார்க்கரில் ஒரு வருடம் இருந்தால், அதே வருடத்தில் அதே ஊரில் வேறு யார் பிறந்தார்கள், என்ன நடந்தது என்று தேடுங்கள். கோல்ட்ரேனுக்கு மூன்று மாதம் முன்பு, 1926 ஜூனில், ஹாம்லெட்டில் டாம் விக்கர் பிறந்தார். 1963-ல் டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட அன்று, அந்தக் கார் வரிசையோடு போய் நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி எழுதியவர். அவர் அப்பா கூட்ஸ் ரயிலில் வேலை பார்த்தவர். ஒரே ஊர், ஒரே வருடம், ஒரு வெள்ளைக் குழந்தை, ஒரு கறுப்புக் குழந்தை. கோல்ட்ரேன் குடும்பம் அங்கேயே தங்கியிருந்தால் இருவரும் எந்தப் பள்ளிக்குப் போயிருப்பார்கள், ஸ்டேஷனில் எந்தக் கதவு வழியாக நுழைந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடங்கள்.

ஸ்டேஷன்

இங்கே ஸ்டேஷனை டிப்போ என்பார்கள். ஹாம்லெட் டிப்போ 1900-ல் கட்டிய மரக் கட்டடம். இரண்டு பாதைகளும் வெட்டும் மூலையைப் பார்த்தாற்போல் வளைந்த முகப்பு, அதன் மேல் கூம்பு மாதிரி கூரை, மழையிலும் வெயிலிலும் பயணிகள் நிற்பதற்காக அகலமாக நீட்டிய தாழ்வாரம். எந்தப் பாதையில் வரும் ரயிலாக இருந்தாலும் இறங்கி, நடந்து, அடுத்த ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். ஜங்ஷன் ஸ்டேஷனை எப்படிக் கட்ட வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாழ்வாரத்தின் கீழே நான் அரை மணி நேரம் சும்மா நின்றிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது, அது இன்று நிற்பது பழைய இடத்தில் அல்ல. 2003-ல் கட்டடத்தை அப்படியே பெயர்த்துத் தண்டவாளத்தைக் கடந்து நகர்த்தி வைத்தார்கள். எந்த ரயில் ஊரிலும் ஸ்டேஷனைப் பார்த்தவுடன் கேளுங்கள்: இது இங்கேயேதான் இருந்ததா? பழைய படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு, படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கண்டுபிடியுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஹாம்லெட் டிப்போ 1971-லேயே தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது. மார்க்கர் வேறு, பதிவேடு வேறு. பதிவேட்டில் சேர்க்க ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் கட்டடத்தின் ஜன்னல் முதல் கூரை வரை விவரிப்பார்கள், ஊரின் வரலாற்றையும் சொல்வார்கள். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கும். மார்க்கர் ஆறு வரி என்றால் இது பல பக்கம். முந்தின நாள் இரவு படித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1899: ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று நார்த் கரோலைனா சட்டம் போட்டது. 1900: டிப்போ கட்டினார்கள். தெற்கில் அந்தக் காலத்து டிப்போ எதற்குள் போனாலும் இரண்டு காத்திருப்பு அறை, இரண்டு கதவு, நடுவில் டிக்கெட் அறை, அதற்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்ததா என்று பாருங்கள். பிற்காலத்தில் சுவரை எடுத்திருப்பார்கள். தரைப் பலகை திசை மாறும் இடமும், கூரையில் பழைய சுவரின் தடமும் காட்டிக்கொடுக்கும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்கு இந்தப் பிரிவினை கூடாது என்ற மத்திய ஆணையத்தின் உத்தரவு 1956 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐம்பத்தாறு வருடம்.

தண்டவாளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள். அது சி.எஸ்.எக்ஸ். கம்பெனியின் சொத்து, ஏறி நடந்தால் அத்துமீறல். கூட்ஸ் ரயில் வரும் வேகமும் சத்தமும் நாம் நினைப்பதுபோல இருக்காது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கிட்டே வரும்வரை கேட்காது. படம் எடுக்க லெவல் கிராசிங்குக்கு வெளியே இருக்கும் நடைபாதை போதும்.

யார் போட்டார்கள்?

நம் மொழியில் செயப்பாட்டு வினை என்று ஒன்று இருக்கிறதே, மார்க்கர் படிக்கும்போது அதை நினைவில் வையுங்கள். 'பாதை போடப்பட்டது', 'சுரங்கம் குடையப்பட்டது' என்ற வகை வாக்கியம் வந்தால் உடனே 'யாரால்?' என்று கேளுங்கள். இதே மாநிலத்தின் மலைப் பகுதியில் ரயில் பாதை போட்டவர்கள் பெரும்பாலும் சிறைக் கைதிகள், அவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். டில்ஸ்பரோ ஊருக்கு அருகே கவ்வீ சுரங்கம் தோண்டும்போது, 1882 டிசம்பர் 30 அன்று டக்கசீஜி ஆற்றில் படகு கவிழ்ந்து, காலில் விலங்கோடு 19 கைதிகள் மூழ்கிப் போனார்கள். அவர்களைப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அங்கே இப்போது அதைச் சொல்லும் மார்க்கர் இருக்கிறது. அப்படிப்பட்ட மார்க்கர் இல்லாத சுரங்கங்களும் பாலங்களும்தான் அதிகம்.

அதேபோல, பலகையை யார், எந்த வருடம் வைத்தார்கள் என்று பாருங்கள். தகட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. ஆனால் அதில் தோற்ற தென் மாநிலங்களுக்காக, அதாவது கான்ஃபெடரேட் தரப்புக்காக வைத்த நினைவுக் கற்களில் ஏராளமானவை 1900-க்குப் பிறகு, தனித்தனி அறைச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் வைத்தவை. கல் சொல்லும் வருடத்தைவிடக் கல்லை நட்ட வருடம் பல நேரம் அதிகம் சொல்லும்.

வேலைப் பெயர்களும் வரைபடமும்

நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அமெரிக்க ரயிலில் 'எஞ்சினியர்' என்றால் கட்டுமானம் படித்தவர் இல்லை, லோகோ டிரைவர். 'கண்டக்டர்' என்றால் நம்மூர் கார்டு. 'ஸ்விட்ச்மேன்' என்பவர் பாயின்ட்ஸ்மேன். 'செக்‌ஷன் ஹேண்ட்' என்பவர் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன். 'பிரேக்மேன்' பெட்டிகளின் மேல் ஓடிப்போய்க் கையால் பிரேக் சுற்றியவர். காற்று பிரேக் வருவதற்கு முன்பு அந்த வேலையில் கையும் உயிரும் இழந்தவர்கள் ஏராளம். 'கால் பாய்' என்பது ராத்திரி வீடு வீடாகப் போய் ரயிலில் போக வேண்டிய ஊழியர்களை எழுப்பிவிடும் பையன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் இந்தப் பெயர்கள்தான் வரும். 72 வருடம் கழித்துத்தான் அவற்றை வெளியிடுவார்கள். 1950 வருடத்துப் படிவங்களை 2022-ல் திறந்துவிட்டார்கள். ஊர் பெயரையும் தெருப் பெயரையும் போட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். ஒரு தெரு முழுக்க ரயில்வேக்காரர்கள், அடுத்த தெருவில் அவர்களுக்குத் துணி துவைத்தவர்கள் என்று கண்ணால் காணலாம்.

அடுத்தது சான்போர்ன் வரைபடம். தீ காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக 1867 முதல் ஊர் ஊராகப் போய் வரைந்தவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். எது கடை, எது விடுதி, எது குதிரைலாயம் என்று எழுதியிருப்பார்கள். கறுப்பினத்தவரின் தேவாலயம், வாடகைக் குடியிருப்பு என்று தனியாகவும் குறித்திருப்பார்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் ஊருக்கு எந்தெந்த ஆண்டு இருக்கிறது என்று பார்த்து, இரண்டு ஆண்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். கூடவே பழைய ஊர் டைரக்டரிகளையும் எடுங்கள். பெயர், தொழில், விலாசம் எல்லாம் இருக்கும். தெற்கத்தி டைரக்டரிகளில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய 'சி' எழுத்தோ நட்சத்திரக் குறியோ போட்டிருப்பார்கள். அவர்கள் கறுப்பினத்தவர் என்பதற்கான குறி அது. நார்த் கரோலைனா டைரக்டரிகள் டிஜிட்டல்என்சி தளத்தில் நிறைய இருக்கின்றன. சொத்துப் பத்திரம் பார்க்க வேண்டுமானால் ஹாம்லெட்டில் கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் ராக்கிங்ஹாம்தான் ரிச்மண்ட் கவுன்ட்டியின் தலைநகரம், அங்கே பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

கல்லறை

ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துப் போங்கள். அரை அடி அகலம் இருந்தால் போதும். பழைய பளிங்குக் கல்லில் எழுத்து தேய்ந்து, நேர் வெயிலில் ஒன்றுமே தெரியாது. வெயிலுக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் உரசிப் போகும்படி மெல்லத் திருப்புங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது, ஒருவர் பிடிக்க ஒருவர் படிக்கலாம். என் மகள் பிடித்தாள். வெறும் சாம்பல் நிறமாக இருந்த கல்லில் முதலில் ஒரு வருடம் எழுந்தது, அப்புறம் ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழே ஆட்டுக்குட்டி ஒன்று. குழந்தைகளின் கல்லில் ஆட்டுக்குட்டி செதுக்குவது இங்கே வழக்கம். ஏழு மாதம் வாழ்ந்திருக்கிறாள். மகள் கண்ணாடியை இறக்கியதும் பெயர் மறுபடி மறைந்துபோனது. அவள் திரும்பவும் பிடித்தாள்.

சாக்பீஸ், ஷேவிங் க்ரீம், கம்பி பிரஷ் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். பழைய பளிங்கு சர்க்கரை மாதிரி உதிரும்.

ரயில் ஊர்க் கல்லறையில் மூன்றெழுத்துச் சுருக்கங்களைத் தேடுங்கள். பி.எல்.இ. என்றால் டிரைவர்கள் சங்கம், ஓ.ஆர்.சி. என்றால் கண்டக்டர்கள் சங்கம், பி.ஆர்.டி. (B.R.T.) என்றால் பிரேக்மேன் போன்ற வண்டித் தொழிலாளர் சங்கம். வாழ்நாள் முழுக்க உறுப்பினராக இருந்ததைக் கல்லில் பொறித்துக்கொண்டார்கள். அடுத்து, கறுப்பினத்தவரின் கல்லறைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே அந்த எழுத்துக்கள் கிடைக்காது. அந்தச் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தெற்கு ரயில்களில் கரி தள்ளிய ஃபயர்மேன்களில் கறுப்பினத்தவர் ஏராளம் இருந்தும், அவர்களை டிரைவராக உயர்த்தவில்லை. தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் போர்ட்டர்கள் 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தங்களுக்கென்று சங்கம் தொடங்கி, 1937-ல் அந்தப் பெட்டிகளை நடத்திய புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால், ஒரு கல்லில் எழுத்து இல்லாததையும் படிக்க முடியும்.

தீப்பிடித்த நாள்

கோல்ட்ரேன் பிறந்த முனையைத் தொட்டுப் போகிறதே பிரிட்ஜஸ் ஸ்ட்ரீட், அதே தெருவில்தான் இம்பீரியல் ஃபுட் ப்ராடக்ட்ஸ் என்ற கோழி இறைச்சித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு முன்பு அந்தக் கட்டடம் ஐஸ்க்ரீம் ஆலை. டீசல் வந்து ரயில்வே வேலைகள் குறைந்த பிறகு, ஊருக்குக் கிடைத்த வேலை இந்த மாதிரிதான். 1991 செப்டம்பர் 3 காலையில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ராலிக் குழாய் பிய்த்துக்கொண்டு தீப்பிடித்தது. வெளியேறும் கதவுகளில் பல பூட்டியிருந்தன. 25 பேர் இறந்தார்கள், 50-க்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பதினோரு வருடமாக அந்த ஆலைக்குள் ஒரு பாதுகாப்புப் பரிசோதகரும் போனதில்லை. பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழும் டாபின்ஸ் ஹைட்ஸ் ஊரின் தீயணைப்புப் படை உதவிக்கு வரத் தயாராக இருந்தும், காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். உரிமையாளருக்கு ஏறக்குறைய இருபது வருடத் தண்டனை கிடைத்தது.

இசைக் கலைஞரைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள். மெதுவாக நடங்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். படம் எடுப்பதற்காகப் போகாதீர்கள்.

கேட்பதும் திருப்பிக் கொடுப்பதும்

ஊர்ப் பெரியவர்களிடம் பேசும்போது 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்ற பதில்தான் வரும். வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரியுங்கள், பென்சிலைப் பக்கத்தில் வையுங்கள். டிப்போவில் நான் சந்தித்த ஒரு பெரியவர் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவும் ரயில்வே என்று சொன்னதும் முகம் மாறியது. கேங்மேன்களின் வீடுகள் என்று நான் குறித்திருந்த இடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்தார், பாதைக்கு அந்தப் பக்கம் நான்கு சிறிய சதுரங்கள் போட்டார். மூன்றாவது சதுரத்தின் மேல் விரலை வைத்து, இங்கேதான் பிறந்தேன் என்றார்.

மாநில மார்க்கருக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாநில அளவில் முக்கியத்துவம் இருக்க வேண்டும், நபராக இருந்தால் இறந்து 25 வருடம் ஆகியிருக்க வேண்டும், ஆதாரங்கள் இணைக்க வேண்டும். வரலாற்றுப் பேராசிரியர்கள் அடங்கிய குழு படித்துப் பார்த்து முடிவு செய்யும். கேங்மேன் வீடுகள் அந்த விதிக்குள் வராது. அதனால் நீங்கள் சேர்த்ததை ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கொடுங்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, இடம், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர் எழுதுங்கள். போட்டோ என்றால் எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று ஒரு அம்புக்குறி போடுங்கள்.

பெரியவர் சதுரம் போட்ட அந்தத் தாளை நான் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று எனக்கு. பென்சில் கோடு இருக்கும் மூலத் தாளை அடுத்த சனிக்கிழமை அவரிடமே கொடுத்துவிட்டேன்.